மனத்தாங்கல் என்ற குற்றச்சாட்டு

உன் மகன் அனுப்பிய நினைவு அட்டை சென்ற வாரம் கூரியரில் வந்தது. தடித்த தாள், ஓரங்களில் பொன்னிற வரி, நடுவில் கோட்டும் டையும் அணிந்து, சற்றே பக்கவாட்டில் திரும்பிய உன் படம். அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம். எவர்மீதும் நீ மனத்தாங்கல் கொண்டதில்லை என்று அது சொல்கிறது. அதற்கு உன் மகன் பயன்படுத்தியிருக்கும் ஆங்கில வினைச்சொல் ‘ரிசென்ட்’. எத்தனையோ வினைச்சொற்கள் இருக்க, உன் படத்துக்குக் கீழே வந்து உட்கார இதற்குத்தான் வாய்த்திருக்கிறது. வாசித்துவிட்டு நான் சிரித்ததாக என் மனைவி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை, ஆயினும் அவளுடைய சாட்சியத்தை மறுப்பதற்குக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

உன் பெயருக்கு முன்னால் அன்பையும் மதிப்பையும் குறிக்கும் சொற்கள் இல்லாமல் இந்த மடலைத் தொடங்குகிறேன். பொருந்தாத அடைமொழியை எந்த ஆவணத்திலும் நான் இட்டதில்லை. நீ இருந்தபோதே உனக்கு எழுதியிருக்க வேண்டும் என்று யாரேனும் சொல்லலாம். இருந்தபோது எழுதியிருந்தால் நீ அதை வாசித்துவிட்டு, தோளில் கைபோட்டு, “என்னப்பா வக்கீலு, இன்னும் அதையேவா புடிச்சிட்டிருக்கற?” என்று கேட்டிருப்பாய். அந்தக் கேள்வியைக் கேட்க இப்போது நீ இல்லை என்பது எனக்குக் கிடைத்த ஒரே வசதி.

அட்டையில் உள்ள வாக்கியத்தை ஒரு வாக்குமூலத்தைப் பரிசோதிப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. நீ யார்மீதும் மனத்தாங்கல் கொண்டதில்லைதான். உன்னைப் பழித்தவர்களோடு மறுநாளே சேர்ந்து சாப்பிட்டாய். உன் பதவி உயர்வைத் தடுத்தவருடைய மகள் திருமணத்தில் பந்தி விசாரித்தாய். இவற்றை உன் மகன் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். பிள்ளைகள் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் உன் பிள்ளை இல்லை. எவர் சொன்ன சொல்லும் உனக்குள் ஒரு நாளுக்கு மேல் தங்கியதில்லை, நீ சொன்னதும் சேர்த்து. மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாளில் தண்ணீர் நிற்காததை அதன் பொறுமை என்று யாரும் எழுதுவதில்லை.

அந்த வினைச்சொல்லோடு உனக்கிருந்த உறவு மிகப் பழையது என்பதை உன் மகன் அறிந்திருக்க நியாயமில்லை. சமவெளியில் நாம் சட்டம் படித்த காலம். குன்னூரில் கடை வைத்திருந்தவர் மகன் நீ. வெடிமருந்துத் தொழிற்சாலை எழுத்தர் மகன் நான். இருவருக்கும் மலையை விட்டு இறங்கியதில் உடம்பெல்லாம் வேர்க்குரு. எனக்கு ஆங்கிலம் பாடமாக வந்தது. உனக்கோ அது உடுப்பாக வந்தது. எங்கிருந்தோ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாய். விடுதிச் சாப்பாட்டில் உப்புக் குறைந்தால், “ஐ ரிசென்ட் திஸ் சாம்பார்” என்பாய். பரிமாறுகிறவர் விழிப்பார், மேசை முழுவதும் சிரிக்கும். பயிற்சி நீதிமன்றத்தில் ஒரு நாள் எதிர்த்தரப்பு மாணவன் ஏதோ சொல்ல, நீ எழுந்து மேலங்கியை இழுத்து விட்டுக்கொண்டு, அந்தக் குறிப்பை நீ ரிசென்ட் செய்வதாக அறிவித்தாய். தலைமை வகித்த ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதனால் என்று மென்மையாகக் கேட்டார். உனக்குப் பதில் இல்லை. உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாய். அடுத்த நாள் அந்தக் கதையை எல்லோருக்கும் நீயே நடித்துக் காட்டினாய்.

அந்த நீதிபதியின் கேள்வி உன்னைவிட என்னிடம்தான் தங்கியது. எதனால் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அந்த வினையைப் பயன்படுத்த முடியாது. ஒருவர் ஒன்றைச் செய்திருக்க வேண்டும். அது நியாயமற்றதாக இருக்க வேண்டும். அவர் அப்படிச் செய்யமாட்டார் என்று நாம் எண்ணியிருக்க வேண்டும். மூன்றாவது மிக முக்கியம். நம் மொழியில் அதற்கு மிக நெருங்கிய சொல் மனத்தாங்கல்தான் என்று நான் கருதுவது இதனால்தான். கையைக் காட்டியும் நிற்காமல் போகிற பஸ்ஸின் ஓட்டுநர்மீது நமக்குக் கோபம் வரும். மனத்தாங்கல் வராது. அது வருவதற்கு அண்ணனோ மைத்துனனோ சம்பந்தியோ வேண்டும். குறைந்தபட்சம் நம்மிடம் ஒரு சொல் கொடுத்தவராவது வேண்டும். இத்தகைய ஒரு சொல்லை நீ தேயிலைத் தோட்டத்தின் சார்ஜ் ஷீட்டில் ஏற்றினாய்.

படிப்பு முடிந்ததும் நான் ஊட்டியில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் சேர்ந்தேன். நீ குன்னூருக்குக் கீழே இருந்த ஒரு தோட்டத்தில் தொழிலாளர் நல அதிகாரி ஆனாய். கடல் கடந்து, இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்த எழுபதுகள் அவை. அங்கே பிறந்து, அங்கே கொழுந்து பறித்து, அங்கே தம் பெரியவர்களைப் புதைத்தவர்கள், சொந்த நாடு என்று சொல்லப்பட்ட இந்தக் குளிரில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு விறகும் கம்பளியும் வாங்கிக் கொடுப்பதில் நீ சுறுசுறுப்பாக இருந்தாய். அதை மறுத்தால் நான் பொய்யன் ஆவேன். அவர்கள் உன்னை நம்பினார்கள். யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது உனக்குத் தெரியும். பெண்களைத் தங்கச்சி என்றே கூப்பிட்டாய்.

அவர்களில் ஒருத்தி தெய்வானை. வந்த ஆண்டே கணவனை இழந்தவள். உடன் ஒரே மகள். தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், அவளுக்கு ஓர் அறை. வேலை இருக்கும்வரை அந்த அறை இருக்கும். லயத்தின் முன்னால் இருந்த சரிவில் ஆளுக்கொரு துண்டு நிலத்தில் காய்கறி போட்டுக்கொள்ள நிர்வாகம் அனுமதித்திருந்தது. அந்த இடத்தில் தேயிலை நாற்று வைக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு எழுந்தபோது, விதைப்பதற்கு முன்னால் தெய்வானை உன்னிடம் வந்து கேட்டாள். மற்றவர்கள் கேட்கவில்லை, பேச்சை நம்பிச் சிலர் விதைக்காமலும், நம்பாமல் சிலர் விதைத்தும் இருந்தார்கள். அவள் ஒருத்திதான் முறையாகக் கேட்டாள். நீ சொன்னாய்: “நீ பாட்டுக்கு நட்டுக்க தங்கச்சி. நான் இருக்கறனல்ல.”

அவள் பீன்ஸ் போட்டாள். கொடி ஏறுவதற்குக் காட்டிலிருந்து குச்சி வெட்டி வந்து நட்டாள். காய் பிடித்து, இன்னும் சில நாட்களில் பறிக்கலாம் என்ற நிலையில், சரிவு முழுவதையும் சுத்தம் செய்யும்படி தோட்ட நிர்வாகியான துரை உத்தரவிட்டார். அந்த வேலையைச் செய்ய அனுப்பப்பட்டவர்கள் லயத்துப் பெண்கள்தான். தாங்கள் வைத்ததைத் தாங்களே பிடுங்குவது அன்றைய நாள் வேலையாகக் கணக்கில் வந்தது. தெய்வானையும் பிடுங்கினாள். ஒரு சொல் பேசவில்லை, நேரத்தைக் கடத்தவில்லை, ஒரு கொடியையும் விட்டுவைக்கவில்லை. இது உங்கள் தரப்புச் சாட்சிகளே ஒப்புக்கொண்டது.

வழக்கமல்லாத வேலை முடிந்தால் நிர்வாகச் செலவில் டீயும் பன்னும் கொடுப்பது அந்தத் தோட்டத்து முறை. லயத்துக்கு மாதந்தோறும் கிடைப்பது கடைசித் தரத் தூள். அந்த நாட்களில் மட்டும் ஏற்றுமதிக்குப் போகிற தூளில் போட்டுக் கொண்டுவருவார்கள். துரையும் அங்கேயே நின்று ஒரு கோப்பை குடிப்பார். குடித்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது என்பது எழுதப்படாத ஏற்பாடு. அன்று டீ கொடுக்கலாம் என்று யோசனை சொன்னவன் நீ. கிளாசை அவள் கையில் கொடுத்தவனும் நீ. அவள் அதை வாங்கினாள். பக்கத்தில் இருந்த பாறைமேல் நிறைகிளாசாக அப்படியே வைத்தாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனாள்.

இதற்குப் பின் நடந்ததை எனக்குச் சொன்னதும் நீதான், நகைச்சுவையாக. அவள் ஏன் குடிக்கவில்லை என்று துரை உன்னிடம் கேட்டார். அவளுக்கு வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். பால் சேராது என்று சொல்லியிருக்கலாம். தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். நல அதிகாரி எல்லாவற்றையும் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உன் நாக்கில் தயாராக இருந்தது வேறு. “ஷி ரிசென்ட்ஸ் இட், சார்” என்றாய். விடுதியில் சாம்பாருக்குச் சொன்ன அதே குரலில் சொல்லியிருப்பாய் என்று நினைக்கிறேன். உன் வாழ்நாளிலேயே அந்தச் சொல்லை நீ மிகச் சரியாகப் பயன்படுத்திய இடம் அதுதான். துரை கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் நடவடிக்கை எடு என்றார். நிறுவனத்தின் நியாயமான உத்தரவைத் துரையின் முன்னிலையில் வெளிப்படையாக ரிசென்ட் செய்த குற்றத்துக்காக அவளை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று கேட்கும் சார்ஜ் ஷீட்டை அன்று மாலையே நீ எழுதினாய்.

விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரை நியமிக்க வேண்டியிருந்தது. என்னை நியமிக்கச் சொன்னாய். பழைய நட்புக்குச் செய்த உதவி என்று அப்போது நான் எண்ணினேன். என் முடிவு என்னவாக இருக்கும் என்பதை நீ முன்கூட்டியே துரைக்குச் சொல்லியிருந்தாய் என்பது பின்னால் தெரிந்தது.

தோட்ட அலுவலகத்தின் பின்னறையில் விசாரணை நடந்தது. நிர்வாகத்தின் சார்பில் நீ. எதிரில் தெய்வானை, மழைக்குத் தலையில் போடும் சாக்குக் கொங்காணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். உத்தரவின்மீது மனத்தாங்கல் கொண்டதாக உன்மேல் புகார் என்று சொன்னேன். அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். மறுத்திருந்தால் என் வேலை எளிதாக இருந்திருக்கும்.

“மனத்தாங்கல் இருக்கு ஐயா,” என்றாள்.

நீ என்னைப் பார்த்துத் தலையசைத்தாய். ஒப்புதல் வாக்குமூலம் கிடைத்துவிட்டது என்று பொருள். யார்மீது என்று நான் கேட்டேன். கேட்க வேண்டிய கடமை எனக்கு இருந்தது; சார்ஜ் ஷீட் துரையின் உத்தரவு என்று சொல்லியிருந்தது.

“தொரை மேல எனக்கு என்னங்க மனத்தாங்கல்? அவுங்க தொரை. எடம் அவுங்களது, புடுங்கச் சொன்னாங்க, புடுங்கினேன். அங்கிட்டும் தொரைமாரு அப்படித்தானே.” பிறகு உன் பக்கம் திரும்பினாள். விரல் நீட்டவில்லை. “இந்த ஐயா மேலதான். நட்டுக்கன்னு சொன்னது இவுங்கதானே. இவுங்க கையால குடுத்த டீ எப்படி எறங்கும்?”

குறுக்கு விசாரணை செய்கிறாயா என்று உன்னைக் கேட்டேன். நீ எழுந்து, மிகவும் நிதானமாக, அப்படி எதையும் இந்தத் தொழிலாளியிடம் சொன்னதில்லை என்று பதிவு செய்யச் சொன்னாய். பதிவு செய்தேன். அவள் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். விசாரணைகளில் பொய் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தொண்டையைச் செருமுவார்கள், சாட்சியின் முகத்தைத் தவிர்ப்பார்கள். நீ அவளைப் பார்த்துச் சிரித்தாய். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

திரும்பும்போது ஜீப்பில் உன்னைக் கேட்டேன், சொன்னாயா இல்லையா என்று. வெளியே பார்த்துக்கொண்டு பதில் சொன்னாய்: “சொல்லியிருப்பேன்பா. என்ற வேலையே ஆளுக்கு ஆறுதலா நாலு வார்த்தை சொல்லறதுதானே? அதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு விதை போடுவாங்களா?”

அதைப் பதிவில் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். நீ சொல்லிவிட்டால் குற்றச்சாட்டு அன்றே விழுந்துவிடும். உனக்கும் துரையிடம் ஒரு கண்டிப்புக்கு மேல் எதுவும் வராது என்று விளக்கினேன். நீ ஓட்டுநரைப் பார்த்து, வழியில் நல்ல வாழைக்காய் பஜ்ஜி எங்கே கிடைக்கும் என்று கேட்டாய். உன்னைப் பற்றிய என் மதிப்பு அந்த மலைப்பாதை வளைவில்தான் இறங்கிக்கொண்டது. அதற்கு முன் நாம் நண்பர்கள். அதற்குப் பின் நான் உன்னை ஒரு மாதிரியாக, ஆராய்ச்சிக்கூடத்தில் போத்தலில் இருப்பதைப் பார்ப்பதுபோல, பார்க்கத் தொடங்கினேன்.

ஜீப்பில் சொன்னது சாட்சியம் ஆகாது. எனவே என் அறிக்கையில் அதைச் சேர்க்கவில்லை. இட்ட வேலையைத் தொழிலாளி முழுமையாகச் செய்திருக்கிறார், ஒரு பானத்தைக் குடிக்காதது கீழ்ப்படியாமை ஆகாது, உள்ளத்தில் கொள்ளும் கசப்பைத் தோட்டத்து நிலையாணை எதுவும் குற்றமாக வரையறுக்கவில்லை, குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. இவ்வளவுதான் எழுதினேன். அறிக்கையின் ஆங்கிலம் மிகவும் நன்றாக இருப்பதாக நீ என்னைப் பாராட்டினாய். உள்ளடக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் ஒரு சமரசத்தோடு வந்தாய். துரை என் அறிக்கையை ஏற்கப்போவதில்லை என்றும், ஆனால் அவள் ஒரே ஒரு வரியில் கையெழுத்திட்டால் விட்டுவிடுவார் என்றும் சொன்னாய். எவர்மீதும் எனக்கு மனத்தாங்கல் இல்லை என்பது அந்த வரி. நான் வந்து எடுத்துச் சொன்னால் அவள் கேட்பாள் என்றாய். எடுத்துச் சொல்ல நான் வரவில்லை. எதில் கையெழுத்திடுகிறோம் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வந்தேன்.

லயத்து வாசலில் நின்றோம். சரிவில் தேயிலை நாற்றுகள் ஏற்கனவே வரிசை பிடித்திருந்தன. அந்த ஒரு வரியை நான் வாசித்தேன். அவள் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாள்.

“இதுல நான் போட்டா, ஐயா சொன்னது சொல்லாததா ஆயிருமா?” என்று என்னைக் கேட்டாள்.

பொருள் ஏறக்குறைய அதுதான் என்றேன். நீ என்னை முறைத்தாய்.

“ஏம்மா, ஒரு கையெழுத்துத்தானே,” என்றாய் அவளிடம். “போட்டீன்னா ஊடு இருக்குது, வேலை இருக்குது, புள்ள பள்ளிக்கோடம் போகுது. உனக்கு என்ன கொறஞ்சு போகுது? மனசுக்குள்ள நீ என்ன வேணும்னாலும் நெனச்சுக்க, யாரு கேக்கறா?”

அவள் உன்னிடம் ஒரு பதில் ஏற்பாட்டை முன்வைத்தாள். எனக்குத் தெரிந்த எந்தச் சமரச உடன்படிக்கையும் அதைவிடக் குறைவாகக் கேட்டதில்லை. “நீங்க சொன்னேன்னு சொல்லுங்க, போடுறேன். தொரைகிட்ட வேணாம். பெரட்டுல எல்லாரும் நிக்கிறப்ப வேணாம். இங்கன, என்கிட்ட மட்டும் சொல்லுங்க.”

காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்தை அவர்கள் பெரட்டு என்பார்கள். அங்கே வேண்டாம், இங்கே போதும் என்றாள். சாட்சிக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. என்னையும் வேண்டுமானால் அப்பால் போகச் சொல்லியிருக்கலாம், போயிருப்பேன். உனக்கு ஒரு மூச்சு செலவாகியிருக்கும்.

நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். “சின்னப் புள்ளையாட்டம் பேசறயே தங்கச்சி,” என்று சிரித்தாய். அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாய்.

அவள் வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். அறையைக் காலி செய்தாள். தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சொல்லி அனுப்பினேன். விசாரணை அதிகாரியாக இருந்த நான் அவளுக்காக வாதாட முடியாது என்பதால், எனக்குத் தெரிந்த இன்னொரு வழக்கறிஞரின் பெயரையும் சொல்லியிருந்தேன். அவளே ஊட்டிக்கு வந்து என்னைப் பார்த்தாள். நீதிமன்றத்துக்கு வந்தால் அந்த ஐயா உண்மையைச் சொல்வாரா என்று கேட்டாள். சொல்லமாட்டார் என்றேன். வழக்கில் ஜெயித்தாலுமா என்றாள். ஜெயித்தாலும் சொல்லமாட்டார் என்றேன். “அப்ப வேணாங்க,” என்றாள். வேலை திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு என்று நான் சட்டப் பிரிவுகளோடு விளக்கியதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். ஊட்டிக்கு அருகே இத்தலாரில் காய்கறித் தோட்டங்களில் கூலிக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லி, மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

உன் பிந்தைய வாழ்க்கையை விவரிக்க வேண்டியதில்லை. உன் மகன் அட்டையின் பின்பக்கத்தில் பதவி வாரியாக அச்சிட்டிருக்கிறான். நல அதிகாரியாகத் தொடங்கி, பல தோட்டங்களுக்கும் ஆலோசகராக முடித்தாய். தோட்டத்து விசாரணைகளுக்கு என்னை அதன்பிறகு எவரும் அழைக்கவில்லை. நான் எதையும் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிற ஆள் என்று நீ சொல்லி வைத்ததாகக் கேள்விப்பட்டேன். என் தொழிலில் அதைப் பாராட்டு என்றே கொள்வார்கள். ஆண்டுதோறும் ஏதாவது ஒரு திருமணத்தில் உன்னைப் பார்ப்பேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கட்டியணைப்பாய். “நமக்குள்ள ஒண்ணுமில்லயே?” என்பாய். ஒன்றுமில்லை என்பேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். உன்மீது எனக்குக் கோபம் இல்லை, கசப்பு இல்லை. இருந்ததெல்லாம் இகழ்ச்சி மட்டுமே, அதுவும் அமைதியான, நன்கு காய்ந்த இகழ்ச்சி. தெய்வானையைப் போன்றவர்கள் உன்மீது மனத்தாங்கல் கொள்ளலாம். அதற்கு நீ தகுதியானவன் இல்லை என்பது எனக்குத் தெரியும் என்று எண்ணிக்கொள்வேன். அந்த எண்ணம் எனக்கு ஓரளவு மகிழ்ச்சியும் அளித்தது.

அட்டை வந்தபின் ஒரு கேள்வி எழுந்தது. உன் மரணம் அவளுக்குத் தெரியுமா? ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு இறந்தால் அதை மற்றத் தரப்புக்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்பவர் வேறு யாரும் இல்லை. நேற்று இத்தலாருக்குப் போனேன். என் மனைவி, இந்த வயதில் இந்த மழையில் போக வேண்டுமா என்றாள். அவள் கேட்டது நியாயம்தான்.

விசாரித்ததில் வீட்டைக் காட்டினார்கள். தெய்வானை மகள் குடும்பத்தோடு இருக்கிறாள். முதுகு வளைந்திருக்கிறது, காது தெளிவாகக் கேட்கிறது. வாசலில் உட்கார்ந்து சாக்கில் கொட்டியிருந்த காரட்டைப் பெரிதும் சிறிதுமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். “வக்கீலய்யா, வயசாயிப்போச்சே உங்களுக்கு,” என்றாள். பலகையைத் துடைத்து உட்காரச் சொன்னாள். நான் வந்த செய்தியைச் சொன்னேன்.

கை நின்றது. எப்போது என்று கேட்டாள். போன மாதம் என்றேன். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்களா என்று கேட்டாள். இருந்தார்கள் என்றேன். பிறகு நான் எதிர்பார்க்காத கேள்வி வந்தது.

“என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?”

இல்லை என்றேன். எனக்குத் தெரிந்தவரை இல்லை என்று திருத்திச் சொன்னேன்.

“வருவாங்கன்னு இருந்தேன்,” என்றாள்.

இத்தனை ஆண்டுகளாகவா என்று கேட்டேன். என் குரலில் ஏளனம் இருந்திருக்க வேண்டும், உன்னைக் குறித்து. அதை அவள் கவனித்தாள்.

“ஆமாங்க. புள்ளைக்குக் காய்ச்சல்னு ராத்திரியில கம்பளி கொண்டாந்து குடுத்த ஆளு அவுங்க. கெட்டவுங்கன்னு நெனச்சிருந்தா நான் எப்பவோ மறந்துபோயிருப்பேன். பஸ் வந்து நிக்கிறப்ப பாப்பேன், எறங்குறது யாருன்னு. எங்க சுத்தினாலும் ஒரு நாளைக்கு வந்து சொல்லிட்டுத்தான் போவாங்கன்னு இருந்தேன்.” ஒரு காரட்டைக் கையில் எடுத்தாள். “சொல்லாமலே போயிட்டாங்களா. இனி யாரு மேலங்க எனக்கு மனத்தாங்கல்?”

அவள் அழுதாள். சத்தமில்லாமல், கையிலிருந்த காரட்டைக் கீழே போடாமல் அழுதாள். உனக்காக அழுத அயலார் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவ்வாறு அழப்படுவதற்கு நீ எதையும் செய்யவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தது. கண்ணாடியில் மழை. குற்றம் சாட்டப்பட்டவன் இறந்தால் வழக்கு அத்தோடு அற்றுப்போகும் என்பது நாம் இருவரும் படித்த சட்டம். அவளுடையது அற்றுப்போகவில்லை என்பதைக் கண்ணால் கண்டுவிட்டேன். என்னுடையதைப் பற்றி யோசித்தபோது, அதற்கு நான் வைத்திருந்த பெயர் சரிதானா என்ற ஐயம் வந்தது. ஐயம் வந்தால் சாட்சியத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தேன்.

திருமணங்களுக்குப் போகும்போதெல்லாம் நீ வந்திருக்கிறாயா என்று முதலில் பார்த்தவன் நான். நீ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வரும்போது எழுந்து நின்றவன் நான். “நமக்குள்ள ஒண்ணுமில்லயே?” என்று நீ தொடங்கும் ஒவ்வொரு முறையும், அடுத்த வாக்கியம் வேறாக இருக்கும் என்று காத்து நின்றிருக்கிறேன். ஜீப்பில் சொன்னதை இன்னொரு முறை, வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும் எனக்காவது, சிரிக்காமல் சொல்வாய் என்று. இகழ்கிறவன் அப்படி நிற்பதில்லை. அவனுக்கு எதிரில் இருப்பவனிடமிருந்து தேவையானது எதுவும் இல்லை. எனக்குத் தேவை இருந்திருக்கிறது. இலங்கையிலிருந்து வந்து லயத்தில் நின்ற அந்தப் பெண்ணுக்கு இருந்த அதே தேவை. அவள் அதை முதல் நாளே, உட்காராமல் நின்றபடி, தெளிவாகச் சொல்லிவிட்டாள். நான் மட்டும் அதற்கு இன்னொரு பெயரைச் சூட்டி, நன்கு காயவைத்து, இத்தனை காலமும் சுமந்திருக்கிறேன். இன்னமும் சுமக்கிறேன்.

நீ வருவாய் என்று நானும் இருந்தேன்.